உறங்கி எழும்புகிற நாங்கள்

ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் நான் தூங்கிவிடுவேன். இடம் கிடைக்காவிட்டாலும் தூங்குவேன். கம்பியைப் பிடித்திருக்கும் கை மட்டும் விழித்திருக்கும். மும்பையின் திலக் நகரில் ஏறி, வாஷியில் இறங்கி, அங்கே வேறு வண்டி மாறி ஐரோலி போய்ச் சேர்வதற்குள் ராத்திரி விட்ட தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவேன். லேடீஸ் டப்பாவில் என்னைத் தெரிந்த பெண்கள் வாஷி வந்ததும் தட்டி எழுப்புவார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் தலையின் கனம் அவர்கள் தோள்களுக்கு நன்றாகத் தெரியும்.

மான்குர்த் தாண்டி வண்டி பாலத்தில் ஏறும்போது சத்தம் மாறும். கீழே நிலம் இல்லாத சத்தம். அந்த இடத்தில் எப்போதும் அரைக்கண் திறப்பேன். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. எனக்கு வந்த நல்ல யோசனைகள் எல்லாம் அந்தப் பாலத்தின் மேல் வந்தவைதான். பாலம் முடிவதற்குள் அவற்றில் பாதி மறந்துபோகும்.

ஐரோலியில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். போனில் ஒரு புதுச் செயலியை இறக்கியதும், படிக்காமலேயே கீழே தள்ளிக்கொண்டு போய் 'ஏற்கிறேன்' என்று அமுக்குகிறீர்களே, அந்த நீளமான விதிமுறைகளைத் தமிழில் எழுதுவது நான்தான். 'நீங்கள் இதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள்.' 'இதைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள்.' 'முன்னறிவிப்பின்றி நாங்கள் நிறுத்தலாம்.' நாள் முழுக்க மனிதர்களிடமிருந்து ஒவ்வொரு உரிமையாகக் கழற்றி வாங்குகிற வாக்கியங்கள். நான் இத்தனை வருடம் எழுதியதை வாசித்தவர் என் மேலாளர் ஒருவர்தான், அவருக்கும் தமிழ் தெரியாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான், போன வருடம் மழை இறங்குவதற்கு முன்னால், தாராவியிலிருந்து அண்ணன் போன் செய்தார். அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். நாங்கள் வளர்ந்த சந்தில், அப்பா விட்டுப்போன அதே வீட்டில் இன்றும் இருக்கிறார். சந்துக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"ஏட்டி, நீ தமிழ்ல எழுதுத வேலைதான பாக்க? நம்ம சந்துக்கு ஒண்ணு எழுதித் தா. கமிட்டில முடிவு பண்ணிட்டோம்."

"என்னத்த எழுதணும்?"

"உரிமைப் பிரகடனம்." அந்த வார்த்தையை மட்டும் அச்சுத் தமிழில் சொன்னார். எந்தக் கூட்டத்தில் கேட்டாரோ.

"மனுன்னு போட்டாப் போதாதா அண்ணே?"

"மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சிபோச்சி. மனுன்னா கெஞ்சுதது. இது சொல்லுதது. நாங்க இன்னார், எங்களுக்கு இது உண்டு, அவ்வளவுதான்."

தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே உண்டு. பேச்சு வரும், போகும். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தகரத்தை மாற்றி, ஓட்டையை அடைத்து, மேலே இன்னொரு மாடி ஏற்றிக்கொண்டிருந்தோம். இந்த முறை கணக்கெடுக்கிறவர்கள் பக்கத்துச் சந்து வரை வந்துவிட்டார்கள். கீழ் வீட்டுக்காரர்களுக்கு இங்கேயே வீடு, மேல் மாடிக்காரர்களுக்கு எங்கேயோ தொலைவில், அதுவும் நிச்சயமில்லை என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் எல்லோரையும் காட்டினார்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு மேல் மாடி உண்டு. சந்திலிருந்தே ஏறும் இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஒரு கதவு. அங்கே ஒரு அக்கா வாடகைக்கு இருக்கிறாள். கல்யாணமாகி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நேராக அந்த ஏணியில்தான் ஏறினாள். கணவர் டெம்போ ஓட்டினார், இறந்துவிட்டார். அக்கா சயானில் ஒரு பாலர் பள்ளியில் ஆயா. மகள் மாட்டுங்காவில் கல்லூரிக்கு நடந்தே போய்விடுவாள். தொலைவில் எங்காவது கொண்டு வைத்தால் அந்த வேலையும் இல்லை, அந்தக் கல்லூரியும் இல்லை. எனக்குக் கல்யாணமான நாளில் என் தலையில் பூ வைத்துவிட்டவள் அவள்தான். பிரகடனம் என்று அண்ணன் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஏணி.

சரி, உலகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று போனில் ஒவ்வொன்றாக இறக்கி ரயிலில் வாசிக்க ஆரம்பித்தேன். அரைத் தூக்கத்தில் வாசித்ததாலோ என்னவோ, அவை எனக்குச் சட்டங்களாகத் தெரியவில்லை. ஆட்களாகத் தெரிந்தன.

எல்லாவற்றுக்கும் மூத்தது, இங்கிலாந்தில் ஒரு ராஜாவை மடக்கி வாங்கியது. சுதந்திர மனிதன் எவனையும் சும்மா பிடித்து அடைக்கக் கூடாது என்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே சுதந்திர மனிதன் என்று பெயர் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தானாம். பண்ணையில் கட்டுண்டு உழுதவன் அந்த வாக்கியத்தின் வாசலுக்கு வெளியே நின்றான்.

அமெரிக்கர்களுடையது கோபத்தில் எழுதியது. முதலில் உயரத்தில் நின்று பேசுகிறது: எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், இது தானே விளங்கும் உண்மை. அப்புறம் ராஜா மேல் புகார். அவர் இதைச் செய்தார், அவர் அதைத் தடுத்தார், அவர், அவர், அவர் என்று வரிக்கு வரி. அசல் குழாயடி முறையீடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 'எல்லா மனிதர்களும்' என்று எழுதியவர்களில் சிலருடைய வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். மை காய்வதற்குள் அவர்களில் ஒருவன்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கமாகச் சொல்கிறார்கள். மனிதர்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள், அப்படியே இருக்கிறார்கள். அந்த 'அப்படியே இருக்கிறார்கள்' என்னைக் கிறங்கடித்துவிட்டது. பிறந்த அன்று யார்தான் சுதந்திரமாக இல்லை? அதற்கப்புறமும் அப்படியே இருப்பதற்குத்தானே இவ்வளவு பாடு. அந்த வரியை வாசித்த அன்று வாஷியில் இறங்க மறந்து இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டேன்.

உலக நாடுகள் கூடி எழுதியது எல்லாவற்றிலும் எளிமை. 'ஒவ்வொருவருக்கும்' என்று தொடங்கும், இல்லாவிட்டால் 'எவரையும்' என்று தொடங்கும். ஆடவர் என்று பொருள்படுகிற சொல்லைத்தான் அதில் முதலில் போட்டிருந்தார்களாம். இந்தியாவிலிருந்து போன ஒரு பெண்மணி விடாமல் நின்று 'மனிதப் பிறவிகள் எல்லோரும்' என்று மாற்ற வைத்தாராம். அதில் ஓய்வெடுக்கும் உரிமை என்று ஒன்றும் இருக்கிறது. இளைப்பாறவும் வேலை செய்யாமல் இருக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அதைப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் காட்ட நினைத்தேன், அவள் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

நம்முடைய அரசியலமைப்பின் முகப்புரை தனி ரகம். யாரிடமும் கேட்கவில்லை, யார் மேலும் புகார் இல்லை. நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்று முடிகிறது. தன் பிறந்தநாளுக்குத் தானே போய்ப் புடவை எடுத்துக்கொள்கிற பெண்ணைப் போல.

இப்படி மாறி மாறி வாசித்ததில் ஒன்று புரிந்தது. கேட்கிற உரிமைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றேதான். உயிர், சொத்து, பேச்சு, பயமில்லாமல் இருப்பது. சண்டை எல்லாம் முதல் வார்த்தையில்தான் நடந்திருக்கிறது. யார் அந்த நாங்கள்?

'பிறக்கிறார்கள்' என்று பிரெஞ்சுக்காரர்களைப் போல எழுத ஆசைதான். ஆனால் எங்கள் சந்தில் அது நடக்காது. எங்கள் பெண்கள் பிரசவத்துக்கு ரயிலேறித் திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணன் பிறந்தது அங்கே, நானும் அங்கே, எங்கள் சந்தில் பாதிப் பேர் அங்கே. பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். 'இங்கே பிறந்த நாங்கள்' என்று எழுதினால் கமிட்டித் தலைவரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

கடைசியில், 'இந்தச் சந்தில் வாழும் நாங்கள்' என்று தொடங்கி எழுதிக்கொண்டு தாராவிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கமிட்டி ஆட்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். மதினி ஊருக்குப் போயிருந்ததால் டீ மேலேயிருந்து வந்தது. அக்கா ஏணியின் உச்சியில் நின்று தூக்குவாளியைக் கயிற்றில் இறக்கினாள், அண்ணன் வாங்கினார். நான் வாசித்தேன்.

முதல் வரியிலேயே அண்ணன் கையை உயர்த்தினார். "வாழும்னா யாரு வேணும்னாலும் வாழலாமேட்டி. அது சரி வராது. 'வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள்'னு போடு."

"அப்ப மேல இருக்கவங்க?"

கமிட்டி ஆட்கள் டீயைப் பார்த்தார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மேல இருக்கவங்களையும் சேத்தா லஃப்டா ஆயிரும், பெரிய வம்பு. நம்மளுக்குள்ளதையும் சேத்துத் தள்ளிருவான். கணக்கெடுக்க வரும்போது மேல என்னன்னு கேட்டா, சாமான் போடுத இடம்னு சொல்லிருவோம். அதுதான் பேசி வச்சிருக்கோம்."

அவர் குரலைத் தாழ்த்தியது வீண். எங்கள் வீட்டுக்கு மச்சு பலகைதான். கீழே கிசுகிசுத்தால் மேலே கேட்கும், மேலே இருமினால் கீழே கேட்கும். அன்று மேலே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் சண்டை போட்டேன். உலகத்திலுள்ள எல்லாப் பிரகடனத்தையும் இழுத்து அண்ணன் தலையில் கொட்டினேன். அண்ணன் கெட்டவர் இல்லை. அக்காவின் கணவர் இறந்தபோது உடலை ஊருக்குக் கொண்டுபோனதே அவர்தான். ஆனால் அப்பாவின் வீடு தன் கையில் வந்து போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு இருந்தது. கை தூக்கச் சொன்னார்கள், என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். எனக்குக் கை தூக்கும் உரிமையும் இல்லை, நான் திலக் நகர்க்காரி.

அந்தக் கோபத்தோடு அடுத்த நாள் சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி என் தோழியைப் பார்த்தேன். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரி, வக்கீல் ஆபீஸில் வேலை. எனக்குக் கோபம் வந்தால் காபி வாங்கிக் கொடுத்து என்னைப் பேசவிட்டுக் கேட்பது அவள் வழக்கம்.

"எங்க பில்டிங் லிஃப்ட்ல என்ன எழுதியிருக்கு தெரியுமோ நோக்கு?" என்றாள். "'இந்த லிஃப்ட் எல்லாருக்கும் பொது'ன்னு கொட்டை எழுத்துல. கீழ பொடியா, 'வேலைக்காரா படில வரணும்'. முப்பது வீட்டுக்காராளும் தெனம் அதைப் பாத்துண்டேதான் ஏறறா. ஒருத்தருக்கும் கண்ணுல படலை."

"உனக்குப் பட்டிருக்கே."

"நேக்கும் லிஃப்ட் ரிப்பேராயி, எங்காத்து வேலைக்காரியோட சேந்து படியேறின அன்னிக்குத்தான் பட்டது. அதை விடு. உங்கண்ணா சொல்றபடியே எழுதிக் குடு. சொல்றவா வாயில அது எப்பிடி வரதுன்னு பாப்போம்."

அவள் ஏதோ திட்டத்தோடு சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். காபி ஆறுகிறதே என்று சொன்னாள். நானும் வீட்டுக்குப் போய், அண்ணன் சொன்னபடியே எழுதினேன். உலகப் பிரகடனத்தில் ஒவ்வொரு பிரிவும் ஒரே வார்த்தையில் தொடங்குகிற அழகு மனதிலேயே நின்றதால், எங்களுடையதிலும் ஒவ்வொரு வரியையும் அந்த ஒரே சொற்களில் தொடங்கினேன். வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள், எங்கள் குழாய்த் தண்ணீருக்கு உரிமை உடையவர்கள். வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள், எங்கள் கோயிலும் சர்ச்சும் இருக்கும் இடத்திலேயே இருக்க உரிமை உடையவர்கள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ரயிலில் ஒரு கனவு வந்தது. எங்கள் சந்தில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறது. வெள்ளைப் பொய்முடி வைத்த பிரெஞ்சுக்காரர்கள் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்துப் பிரபுக்களுக்குத் தலையில் தண்ணீர் சொட்டுகிறது, நகர்ந்து உட்கார இடமில்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஒரு காகிதம் போகிறது, ஒவ்வொருவரும் ஒரு வரி வாசிக்கிறார்கள். எல்லோர் குரலும் ஒரே மாதிரி, தூரத்து ஆலயமணி போலக் கேட்கிறது. அக்கா கயிற்றில் டீ இறக்குகிறாள். கயிறு நீண்டுகொண்டே வருகிறது, தூக்குவாளி தரைக்கு வரவேயில்லை. பாலத்தின் சத்தம் மாறியதும் விழித்துவிட்டேன். வெளியே மழை தொடங்கியிருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் பிரகடனத்தைச் சந்தில் எல்லோரும் கேட்கும்படி வாசிப்பது என்று ஏற்பாடு. எங்கள் சந்தில் சனிக்கிழமை என்றால் வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். உள்ளே கொள்கிறவர்கள் உள்ளே, மீதிப்பேர் வாசலில், அதற்கும் மீதி ஏணிகளில். வேதத்தில் ஒரு அதிகாரம் எடுத்து ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவர வாசிப்போம். முறை என்று வந்துவிட்டால் யாரையும் தாண்டக் கூடாது. இந்து, கிறிஸ்தவர் என்று பார்ப்பதில்லை. அந்த நேரம் யார் அங்கே இருந்தாலும் ஒரு வசனம் உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஒரு தமிழர், சிலிண்டரை இறக்கும் முன் சங்கீதம் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா நெற்றிக் குங்குமத்தோடு ஏணியில் உட்கார்ந்து வாசிப்பாள், எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்வாள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் நிறைய. அவர்கள் முறை வந்து திணறினால் சுற்றியிருப்பவர்கள் சொல் சொல்லாக எடுத்துக்கொடுப்பார்கள், பிள்ளை திருப்பிச் சொல்லும். எடுத்துக்கொடுப்பது எங்கள் சந்தில் பெரிய உபகாரம். ஒருவர் வாய் மூடியிருந்தால் நாலு வாய் உதவிக்கு வந்துவிடும்.

ஒரு காகிதத்தைச் சேர்ந்து வாசிக்க எங்கள் சந்துக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எனவே ஜெபம் முடிந்ததும் அண்ணன் பிரகடனத்தையும் முறையில் விட்டார். தான் முதல் வரியை வாசித்து, வலது கைப் பக்கம் கொடுத்தார். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கும் தோன்றவில்லை.

காகிதம் வீட்டுக்குள் சுற்றியது. வாசலுக்கு வந்தது. வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள், வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எனக்குக் கண் சொக்கியது. தகரத்தில் மழை மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் காகிதம் ஏணிக்குப் போனது. அக்கா வாங்கினாள். சத்தம் நின்றது.

இருட்டுகிறதே, எழுத்துத் தெரியவில்லை போல என்று யாரோ போன் வெளிச்சம் காட்டினார்கள். அக்கா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார்: "வீட்டுச் சொந்தக்காரர்களாகிய..."

அக்கா வாய் திறக்கவில்லை.

உள்ளேயிருந்து இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். "வீட்டு... சொந்தக்காரர்களாகிய... நாங்கள்..." சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, பிரித்துப் பிரித்து, அன்பாக. அண்ணனும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவருக்கு யார் முறை என்று தெரியவில்லை, ஏணி அவர் உட்கார்ந்த இடத்துக்குத் தெரியாது. "பயப்படாம சொல்லு. வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள்."

"அண்ணாச்சி," என்றாள் அக்கா.

அந்தக் குரல் கேட்டதும் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"நான் சொன்னா பொய்யாயிரும் அண்ணாச்சி. இப்பத்தான ஜெபம் பண்ணியிருக்கோம்."

சந்து முழுக்க ஒரு பெண்ணின் வாயில் ஒரு வார்த்தையைத் திணித்துக்கொண்டிருந்தோம் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் மெல்ல மெல்லத் தெரிந்தது. இத்தனை நாள் வாசித்த எல்லாப் பிரகடனங்களின் வெளியே நின்றவர்களும் அந்த ஏணியில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. பக்கத்திலிருந்தவர் அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்திருக்கலாம், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் முறையைத் தாண்டி எங்களுக்குப் பழக்கமில்லை. அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்து, ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

"சரி. நீங்க எப்பிடிச் சொல்லுவீங்களோ, அப்பிடியே சொல்லுங்க."

"ராத்திரி உறங்கிக் காலைல எழும்ப கிருபை செய்தீரேன்னு தெனம் ஜெபத்துல சொல்லுதோம்லா," என்றாள் அக்கா. "அது எனக்கும் உண்டும்." காகிதத்தைக் கீழே இறக்கி, அதைப் பார்க்காமலே சொன்னாள்: "இந்தச் சந்துல உறங்கி எழும்புத நாங்க, எங்க பிள்ளைங்க படிக்குத எடத்துக்கு நடந்து போற தூரத்துலயே இருக்க உரிமை உடையவங்க."

சொல்லிவிட்டுக் காகிதத்தை அடுத்த படிக்குக் கொடுத்தாள். அதை வாங்கியவர் எதிர்வீட்டு அம்மா, கீழ் வீட்டுச் சொந்தக்காரி. கமிட்டியில் கை தூக்கியவர்களில் ஒருவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காகிதத்தைப் பார்த்தார். பிறகு, "இந்தச் சந்தில் உறங்கி எழும்புகிற நாங்கள்" என்று தொடங்கினார். காகிதத்தில் அப்படி இல்லை. அவருக்கு அடுத்தவரும் அப்படியே. காகிதம் சந்தின் கடைசி ஏணிவரை போய்த் திரும்பி வந்தது, யாரும் அச்சடித்ததை வாசிக்கவில்லை. முடிந்ததும், வழக்கப்படி, எல்லோரும் ஆமென் என்றோம். கேட்க வந்திருந்த எங்கள் சந்துக் கோயில் பூசாரியும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. காகிதத்தை என் கையில் வைத்து, "திருத்திக் கொண்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மனது மாறியதா, சந்துக்கு முன்னால் வேறு வழியில்லாமல் போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. பேசி வைத்திருந்த அந்த இன்னொரு பதில், சாமான் போடுகிற இடம், அப்படியே பாக்கி இருந்தது. காகிதத்தில் எதையும் எழுதலாம். கணக்கெடுக்கிறவன் காகிதத்தை வாசிக்க வரமாட்டான், வாயைப் பார்த்துத்தான் எழுதுவான்.

கணக்கெடுக்கிறவர்கள் வந்த நாளில் நான் லீவு போட்டுவிட்டு விடியும்போதே தாராவிக்குப் போய்விட்டேன். அக்காவும் வேலைக்குப் போகவில்லை. ஏணியின் உச்சியில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு, நின்றும் நிற்காமலும் நின்றாள். கதவுக்குப் பின்னால் மகளின் துப்பட்டா தெரிந்தது. நான் கீழே பார்த்தேன், மேலே பார்க்க முடியவில்லை.

இரண்டு இளைஞர்கள். ஒருவன் கையில் டேப்லெட், மற்றவன் கையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷும். அண்ணனிடம் கார்டுகளை வாங்கிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எங்கள் கதவில் ஒரு எண்ணை எழுதினார்கள். அப்பா வாங்கி மாட்டிய கதவு. சிவப்பு பெயிண்ட் கொஞ்சம் வழிந்தது. அண்ணன் அதைத் தொட விரலை நீட்டி, ஈரம் என்று நிறுத்திக்கொண்டார்.

டேப்லெட்காரன் பேனாவால் மேலே காட்டினான். "ஊப்பர் கோன் ஹை?"

மேலே யார் என்ற சாதாரணக் கேள்வி. அண்ணன் கார்டுகளைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த நேரத்தில் எங்கள் வீடும், அக்காவின் வீடும், அப்பாவின் பெயரும் எல்லாம் அவர் வாய்க்குள் இருந்தன.

"அப்புன் லோக் ஹை," என்றார். நாங்கள்தான்.

அந்தப் பையன் குழம்பிப்போய் எண் எழுதிய கதவைப் பார்த்தான். "ஆப் தோ நீச்சே ஹை நா?" நீங்கள் கீழேதானே இருக்கிறீர்கள் என்று.

"நீச்சே பீ அப்புன், ஊப்பர் பீ அப்புன்," என்றார் அண்ணன். கீழேயும் நாங்கள்தான், மேலேயும் நாங்கள்தான். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார், அது எப்போதும் கொஞ்சம் ஆடும். "சம்பல்கே சடோ, பாய்," என்றார், பார்த்து ஏறு என்று.

பெயிண்ட் டப்பாக்காரன் ஏறினான். மேலே அக்கா கதவை முழுக்கத் திறந்து, அவன் எண்ணை எழுதும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.